பற்றுப் பக்கம்

தனியாரிடம் பார்த்திருந்தால் சான்று இணைக்கவும் என்று
சிவகங்கை அலுவலகத்தில் பச்சை மையால் சுழித்துவிட்டார்கள்.
பார்த்ததெல்லாம் தனியாரிடம்தான்.
பீரங்கிக்குப் பக்கத்தில் பதினேழு வருஷம் நின்றவர்
ஊருக்கு வந்து
சைக்கிள் போகிற தூரத்து டாக்டரைப் பார்த்தார்.

தேவகோட்டையில் அந்த டாக்டர் இருந்த இடத்தில்
செல்போன் கடை.
"அப்பா எதையும் எழுதி வைக்கமாட்டார் அக்கா,
எல்லாம் மனசுலதான்" என்றான் மகன்.
அந்த மனசை எரித்து நாலு வருஷமாகிறது.

எக்ஸ்ரேயை எங்களிடமே கொடுத்தாராம் காரைக்குடிக்காரர்.
கொடுத்தார்தான்.
ஒன்றில் பிள்ளைகள் கிரகணம் பார்த்தார்கள்.
இன்னொன்று கோழிக்கூட்டில் சாரலுக்கு மறைப்பு;
கழற்றித் துடைத்து வெயிலில் பிடித்தேன்.
முட்டியா எச்சமா, தெரியவில்லை.

காது டாக்டர் இன்றைய செவிட்டுக்கு எழுதித் தந்தார்.
அன்றைய செவிட்டின்போது அவர் பள்ளிக்கூடத்தில் இருந்தாராம்.

கடைசியில், கடன் வைத்த மருந்துக்கடை.
சாத்தப்பன் பரணில் ஏறி
நீளப் பேரேடு ஒன்றைத் தூசி தட்டி இறக்கினார்.
"வரவாகாத கணக்கை நாங்க கிழிக்கிறதில்ல."
பிள்ளையார் சுழி.
பட்டாளத்து சேவுகப்பெருமாள், பற்று.
ஆவணி: காதுச் சொட்டு மருந்து, பதினாலு ரூபாய்.
ஐப்பசி: முட்டித் தைலம், வலி மாத்திரை.
மாசி: தூக்க மாத்திரை, பத்து.
பங்குனி: தூக்க மாத்திரை, பத்து.
சித்திரை: மேற்படி.
மேற்படி, மேற்படி என்று ஆறு வருஷம்.

அதே அறையில்தான் படுத்திருந்தேன்.
மனுஷன் கட்டை மாதிரித் தூங்குவார் என்று
தெருவெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

நிலுவை முந்நூற்றுப் பன்னிரண்டு. பையைத் திறந்தேன்.
"முதல்ல நகல் எடுத்துக்குங்க.
பணம் கட்டினா நான் குறுக்கே கோடு போடணும்,
அப்புறம் ஆபீஸ்ல ஏதாவது கேப்பாங்க."
பக்கத்துக்குப் பக்கம் கடை முத்திரை குத்தினார்.

விண்ணப்பத்தில் காதுக்குக் கட்டம் உண்டு, முட்டிக்கு உண்டு.
இதை எங்கே எழுத?
அவரிடமே கேட்கலாம். ஆனால் அவரிடம் எதையும்
கத்தித்தான் கேட்க வேண்டும்.
அடுத்த வீட்டுக்கு முதலில் கேட்கும்.

இரவு தலையணையை வலப்பக்கம் மாற்றிப் போட்டேன்,
கொஞ்சம் மிச்சமிருக்கிற காதுப் பக்கம்.
குறட்டை வந்தது.
விட்டு விட்டு, ஒரே அளவாக,
அணிவகுப்பில் கால் வைக்கிற மாதிரி.
எண்ணிக்கொண்டே கிடந்தேன்.
"போதும்" என்றேன், மெதுவாகத்தான்.

குறட்டை நின்றது.