அரை மாத்திரை

கோத்தகிரி மெடிக்கல் கடைப் பையன்
நாப்கினைப் போலவே இதையும்
கறுப்புக் கவரில் சுற்றித் தருகிறான்.
நான் கேட்கவில்லை.
பத்து மாத்திரை. உடைத்தால் இருபது நாள்.
கத்தி ஒருபோதும் நடுவில் விழுவதில்லை.
பெரிய பாதி நல்ல நாளுக்கா, கெட்ட நாளுக்கா
என்று யோசிப்பதற்குள்
சோறு ஆறிவிடுகிறது.

"முதல் ரெண்டு வாரம்
கொஞ்சம் கூடின மாதிரி இருக்கும், பயந்துறாதீங்க"
என்றார் ஊட்டி டாக்டர்.
பயத்துக்கு மருந்து கேட்டு வந்தவளிடம்
பயந்துறாதீங்க.
திரும்பும் பஸ்ஸில், தொட்டபெட்டா தாண்டி,
பக்கத்து சீட்டு கேரட் மூட்டையில் சாய்ந்து
சிரித்தேன்.
அப்புறம் சிரித்த ஞாபகம் இல்லை.

ஆறாம் நாள் தொடங்கியது.
மூன்று மணிக்கு யாரோ தோளைத் தட்டியதுபோல்
விழிப்பு.
தாடை இறுகி, நாக்கில்
தொழிற்சாலைத் தூசு.
இலை வாட்டும் தொட்டியின் விசிறி
நெஞ்சுக்குள் சுற்றுகிறது,
ஸ்விட்ச் எந்தச் சுவரில் என்று தெரியவில்லை.
கொட்டாவி மட்டும் வருகிறது.
திரவியம் புரண்டு படுத்து
"மறுபடியுமா?" என்கிறான்.
அதில் கோபமில்லை.
கோபம் இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

எடைக் கொட்டகையில்
பச்சை இலைக்கு நான்தான் கணக்கு.
மாதியம்மாள், பதினேழு கிலோ.
என் ஏழு நடுங்கி ஒன்றாகிவிட்டது.
ஆறு கிலோ காசு.
அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டேன்.
"எழுத்துக்குக்கூடக் குளிருதா, அம்மணி?"
ஆமாம் என்றேன்.
இந்த மலையில் இது ஒரு வசதி,
எதற்கும் குளிரைச் சொல்லிக்கொள்ளலாம்.

ஒன்பதாம் நாள், வேலை முடிந்து
குறுக்குப் பாதையில் இறங்கும்போது
தேயிலைக்கு நடுவே காட்டெருமை.
ஒற்றை. வெள்ளைக் காலுறை மாட்டிய கால்கள்.
இருபதடி இருக்கும்.
அது மூச்சு விடுவது புகையாகத் தெரிந்தது.
ஓடாமல், முதுகு காட்டாமல்
ஒவ்வோர் அடியாகப் பின்னால் போனேன்.
நெஞ்சு சும்மா இருந்தது.
கையில் டார்ச் வெளிச்சம் அசையவேயில்லை.
அந்த நேரம் ஏழு எழுதச் சொல்லியிருந்தால்
அச்சுப்போல் எழுதியிருப்பேன்.

வீட்டுக்கு வந்தேன்.
குக்கர் விசிலடித்தது.
சுவரைப் பிடித்தபடி
தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

திரவியத்திடம் சொல்ல நினைத்தது:
எனக்கு எருமையே போதும்.
கொம்பு இருக்கிற, குளம்படி பதிகிற,
வனத்துறைக்குப் போன் போட்டுச் சொல்ல முடிகிற ஒன்று.
சொன்னது:
"பருப்பு வெந்துருச்சா பாரு."

பன்னிரண்டாம் நாள்
மீதியைக் குப்பையில் போடத் தோன்றியது.
கறுப்புக் கவரைக் கையில் வைத்துக்கொண்டே
டாக்டருக்கு அடித்தேன்.
"நீங்களா நிறுத்தாதீங்க.
முழுசுக்கும் இப்ப போக வேண்டாம், அரையே இருக்கட்டும்.
ராத்திரியா சாப்பிடறீங்க? காலையில மாத்துங்க."
அவருக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.
"சாகணும்னு தோணுதா?"
இவ்வளவு நேராக யாரும் என்னிடம்
எதையும் கேட்டதில்லை.
இல்லை என்றேன்.
கொஞ்சம் பொறுத்து,
காணாமப் போயிடணும்னு சில நேரம், என்றேன்.
"சரி. அதையும் எழுதிக்கிறேன்.
வெள்ளிக்கிழமை வாங்க. அதுக்கு முன்னாடி கூடிச்சுன்னா
எந்நேரம்னாலும் கூப்பிடுங்க."
பேனா தாளில் உரசும் சத்தம் கேட்டது.
என் எடையை
யாரோ சரியாக எழுதிக்கொண்டதுபோல் இருந்தது.

பதினாறாம் நாளும் விழிப்புதான்.
மணி மூன்றேமுக்கால்.
முக்கால் மணி நேரம் எப்படியோ
என் பக்கம் வந்திருக்கிறது.
விசிறி சுற்றியது.
அதற்கு அப்பால், பள்ளத்திலிருந்து,
தொழிற்சாலையின் நிஜ விசிறியும் கேட்டது.
இரண்டும் ஒரே தாளத்தில் இல்லை.
இத்தனை நாள் ஒன்றென்றே நினைத்திருந்தேன்.

வெளுக்கும்வரை இரண்டையும் கேட்டபடி படுத்திருந்தேன்.
எழுந்து, பால் வைத்து,
கைக்கு வந்த பாதியை
விழுங்கினேன்.