மூன்று வீசம்

இருபத்தாறு வருடம் தண்ணீர்ச் சபையில்
குழாய் விட்டம் எழுதியவள் நான்.
வீட்டுக்கு அரை அங்குலம்,
விடுதிக்கு முக்கால்,
உவர்மலை ஏற்றத்துக்கு அதைவிடப் பெரிது.
எனக்கு லாபிர் விட்டம் சொல்வதா?

ஜமாலியாவில் அவனது கராஜ்.
எங்கள் ஐம்பத்தாறாம் ஆண்டு ஹில்மன்
முன்சில்லு இல்லாமல் கட்டையில் ஏறி நிற்கிறது.
டிரம்மைக் கழற்றியாயிற்று.
எங்கோ உடைத்த நிசான் ஒன்றின் டிஸ்க் இரண்டும்
சாக்கில் சுற்றியபடி.
மிச்சம் குழாய்.

"கால் அங்குலம் போடு லாபிர்.
மெல்லிசு எண்டால் வேகமா வராது."

அவன் சிரிக்கவில்லை. அதுதான் எரிச்சல்.
"மிஸ், உங்கட தண்ணி ஓடுற தண்ணி.
இது நிக்கிற எண்ணெய்.
மிதிச்சா ஒரு சொட்டு அசையும், அவ்வளவுதான்.
மெல்லிசோ மொத்தமோ, அமத்தம் ஒண்டு.
மொத்தத்தில காத்து ஒளிக்க இடம் கூட.
பதினாறில மூண்டு போதும்."

அன்றிரவு கரண்ட் பில்லின் பின்புறம்
கணக்குப் போட்டேன்.
பதினாறில் மூன்று என்றால் மூன்று வீசம்.
கால் என்றால் நான்கு வீசம்.
ஒரேயொரு வீசத்துக்கா
பின்னேரம் முழுக்கக் கத்தினேன்?
பிறகு பிஸ்டனின் பரப்பைப் போட்டேன், சிலிண்டரைப் போட்டேன்.
பலம் வரும் வழி அங்கேதான் இருந்தது.
குழாயின் விட்டம்
எந்த வரியிலும் வரவில்லை.
அவனிடம் அதைச் சொல்லவில்லை.
"மூன்று வீசமே போடு" என்றேன்,
நானே கண்டுபிடித்த மாதிரி.

பழைய குழாயை உருவி நிலத்தில் போட்டான்.
உப்புவெளிக் காற்று
பெயருக்கேற்றபடி தின்றிருந்தது.
இரண்டு விரலால் முறித்தான்,
முருங்கைக்காய் போல.

டயர் மேல் உட்கார்ந்திருந்த சிவகடாட்சம்
முறிந்த துண்டை வாங்கிப் பார்த்தார்.
"இதோடயா நான் மட்டிக்களியால போய் வந்தனான்?"

அப்போது அங்கே மணல்மூட்டை, பீப்பாய், துவக்கு.
நிறுத்து என்ற கோட்டைத் தாண்டி ஒரு முழம் உருண்டால்
அதற்கு விளக்கம் கேட்பார்களோ தெரியாது.
நூறு யார் முன்பே தொடங்கிவிடுவார்:
ஒருமுறை, வெறும் மிதி.
இரண்டு, கொஞ்சம் பிடிக்கும்.
மூன்றாவதில்தான் நிற்கும்.
பக்கத்தில் நான்
பிறேக் இல்லாத கால்விரிப்பை
அவரோடு சேர்ந்து மிதித்துக்கொண்டிருப்பேன்.

புதுக்குழாய் செம்பும் நிக்கலும் கலந்தது,
உப்புக்கு அசையாதாம்.
ஒரு நுனியில் இங்கிலீசு மரை,
மறுநுனியில் ஜப்பான் மரை.
ஒன்று மற்றதற்குள் இரண்டு சுற்றுப் போய்
பிடித்துவிட்டதாக நடிக்கும், பிறகு கழலும்.
பொருத்தமான நட்டுக்கு மூன்று நாள் அலைந்தான்.
"கோட்டை இறக்கத்திலதான் ஓடிப் பாக்கணும்.
மரை தப்பினா மான் சாகும், மிஸ்,"
என்று தன் பகிடிக்குத் தானே சிரித்தான்.

காற்றெடுக்க நான் ஏறி உட்கார்ந்தேன்.
"அமத்துங்க. பிடிங்க. விடாதீங்க."
சோடாப் போத்தலில் குமிழிகள்.
"இப்ப விடுங்க."
எத்தனை தரம் என்று எண்ணவில்லை.
கடைசியில் மிதி
காலுக்குக் கீழே கல்லானது.

ஞாயிறு காலை, கோணேசர் இறக்கம்.
அவர் ஓட்டினார்.
வளைவில் நட்டநடுவே ஒரு புள்ளிமான்,
வாயில் லஞ்ச் ஷீற்,
அர்ச்சனைக் கடைக்காரர்கள் பக்கம் பார்த்தபடி.

ஒருமுறை மிதித்தார்.
நின்றுவிட்டது.
என் கைப்பை முன்னால் பறந்து விழுந்தது.

மான் மென்றுகொண்டிருந்தது.
எஞ்சின் அணைந்த அமைதியில்
கீழே பார்த்தேன்:
நின்றுபோன காரில் அவர் கால்
இரண்டாம் தரம் மிதித்தது.
மூன்றாம் தரமும்.