எட்டு கிலோ காற்று

புதுவயலில் எந்தத் தெருவில் நின்றாலும்
ஏதோ ஓர் அரிசி ஆலை இரைவது கேட்கும்.
அங்கே கலர் சார்ட்டருக்குள் இருந்துகொண்டு
கறுப்பு அரிசியை மட்டும் ஊதித் தள்ளும்
சுண்டுவிரல் நீள வால்வுகள்
ஊத மறந்தால் என்னிடம் வரும்.
வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை.
ஒரு மூலையில் கம்ப்ரஸர்,
எதிர் மூலையில் மேசை, பூதக்கண்ணாடி, நான்.
நடுவே இருபத்திரண்டு அடி.
அதைக் காற்று எதில் ஏறிக் கடப்பது?

முதலில் போட்டது வெள்ளைக் குழாய்.
செக்காலை ரோட்டுக் கடையில் சிராஜுதீன்
நகத்தால் தட்டிக் காட்டினார்:
'பத்து கிலோ தாங்கும்னு போட்டிருக்கு பாருங்க.'
போட்டிருந்தது, நீல எழுத்தில்.
என் கம்ப்ரஸர் எட்டோடு நின்றுவிடும்.
எட்டு பத்தைவிடச் சின்னது.
அன்றைக்கு எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

பதினாலு மாதம் ஒன்றும் ஆகவில்லை.
சித்திரையில் ஒரு மத்தியானம்
கரண்ட் பில் கட்டிவிட்டு வருகிறேன்,
தெருவே என் வாசலில் நிற்கிறது.
'சிலிண்டரா?' என்றாள் இந்திராணி.
சிலிண்டர் இல்லை.
நான் உட்காரும் நாற்காலியின் முதுகில்
வெள்ளைச் சில்லு ஒன்று
குத்திட்டு நின்றது.
இன்னொன்று காலண்டரில்
இருபத்து மூன்றாம் தேதியைக் கிழித்திருந்தது.
அன்றைக்குத் தேதி பதினேழு.

அந்தப் பத்து, தண்ணீருக்கு எழுதியது.
தண்ணீர் அமுக்கினால் அமுங்காது;
குழாய் விட்டால் நனைக்கும், முடிந்தது.
காற்று அமுங்கிக் கொடுக்கும்.
சத்தமில்லாமல்
அமுங்கியதை எல்லாம் கணக்கு வைத்திருக்கும்.

'ஜி.ஐ. போடுங்க, யானை மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாது'
என்றார் ஆலை ஃபிட்டர் மச்சக்காளை.
ஆகாதுதான்.
ஆனால் வால்வைப் பிரித்து
ஊசிமுனையால் நான் தோண்டி எடுப்பதே
அந்த ஜி.ஐ. துருவைத்தானே.
அதை என் வீட்டிலேயே வளர்ப்பதா?

கோயம்புத்தூரில் அலுமினியக் குழாய்க்கு விலை கேட்டேன்.
வந்த கொட்டேஷனை நான்காய் மடித்து
மேசைக் காலுக்கு அடியில் கொடுத்தேன்.
அன்றிலிருந்து மேசை ஆடுவதில்லை.

இரண்டு மாதம் ரப்பர் ஹோஸ் தரையில் கிடந்தது.
நானும் அடிக்கடி.

கடைசியில் தாமிரம், அதுவும் கடனுக்குப் பதிலாக.
ஏசி மெக்கானிக் லூர்து எனக்கு நாலாயிரம் தரவேண்டும்.
பணத்துக்குப் பதில்
கானாடுகாத்தான் ஹோட்டலில் கழற்றிய குழாய்த் துண்டுகளை
டிவிஎஸ்ஸில் கட்டிக்கொண்டு வந்தான்.
மூன்றடி, நாலரை, ஒன்றே கால்.
தின்னர் ஊற்றிக் கழுவி, வெயிலில் இரண்டு நாள் காயவைத்து,
ஏழு இடத்தில் பற்றவைத்தான்.
சோப்பு நுரை தடவிக் காத்திருந்தோம்.
ஐந்தாவது ஒட்டில் ஒரே ஒரு குமிழி
மெதுவாகக் கண் திறந்தது.
லூர்து கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு
மறுபடி தீ வைத்தான்.

அடிக்கு ஒரு நூல் சரிவு.
மேசைக்குப் போகும் கிளையை
குழாயின் முதுகிலிருந்து எடுத்து
கொக்குக் கழுத்தாக வளைத்து இறக்கினோம்.
தண்ணீருக்கு மேலே ஏறத் தெரியாது;
அது தன்பாட்டில் கடைசி மூலைக்குப் போய்
திருகுக்குள் உட்கார்ந்துகொள்ளும்.

மழைக்கு அண்ணாந்து பார்க்கும் ஊர்.
என் குழாய்க்குள் மட்டும் தினமும் மழை.
சாயங்காலம் திருகைத் திறந்தால்
அரை டம்ளர் சீறிக்கொண்டு வரும்.
கறிவேப்பிலைக்கு ஊற்றலாமா என்று பார்த்தேன்.
எண்ணெய் மிதக்கிறது.

நேற்று ராத்திரி என் தட்டில்
ஒரு கறுப்பு அரிசி.
விரலால் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டேன்,
எந்த ஆலை, எத்தனையாவது வால்வு
என்று எண்ணிக்கொண்டே.