சுமைக் கட்டணம்

மோலேலா நிறுத்தத்தில் ஐந்து பேர் ஏறினார்கள்.
நால்வர் கையில் செருப்பு.
ஐந்தாமவர் கையில் சிவப்புத் துணி மூட்டை,
கைப்பிள்ளைக்குக் கொடுப்பதுபோல்
கழுத்துக்குக் கைகொடுத்து.

கோட்ரா போகும் மலைப்பாதை வண்டி இது.
மாக மாதம் பிறந்தால் இப்படித்தான்.
காட்டூர்களிலிருந்து பீல்கள் நடந்தே வருவார்கள்
பனாஸ் கரையில் சுட்ட சாமியைத் தேடி.
திரும்பும்போது மட்டும் பஸ்,
சாமிக்குக் குலுங்கும் என்று தெரிந்தே.

என் டிக்கெட் இயந்திரத்தில்
ஆட்டுக்குப் பொத்தான் உண்டு,
கோழிக்கூடைக்கு உண்டு, சைக்கிளுக்கும் உண்டு.
"இது என்ன?" என்றேன்.
"தரம்ராஜ்" என்றார் ஹூர்ஜி கமேதி.
எமன் இல்லை, இவர் வேறு ஆள்.
பாம்பு துணைவரக் குதிரையில் வருபவர்.
"ஆளா, சரக்கா?"
மாட்டுக்கு விலை பேசுகிறவர்போல் யோசித்தார்.
"ராத்திரி கொட்டு முழங்குற வரைக்கும் மண்ணு.
அதுக்கப்புறம் அவரு பஸ்ஸுல வரமாட்டாரு."

ஜன்னலைத் தட்டியது ஒரு கை,
விரலெல்லாம் பச்சைச் சாயம்.
சோசர்பாய், செய்தவள்.
"குதிரை வாலைப் பார்த்துக்க.
முன்னங்கால்ல பெயின்ட் இன்னும் காயல.
பாக்கியை அறுப்பு முடிஞ்சு குடு,
கோதுமையாக் குடுத்தாலும் சரி."
சொல்லிவிட்டு விறுவிறுவென்று திரும்பிப் போனாள்,
உலையில் ஏதோ தீய்கிறவள்போல.

எடை பார்க்கத் தூக்கினேன்.
இலேசு. உள்ளே வெறும் பொள்ளல்.
துணி விலகிய பின்பக்கத்தில் வண்ணமில்லை,
கழுதை விட்டை பிசைந்த மண்ணின் சொரசொரப்பு,
அதில் வரிசையாய்ப் பெருவிரல் குழிகள்.
முன்னால் கடவுளுக்கு மார்பு புடைக்க
பின்னால் இருந்து அழுத்தியிருக்கிறாள்.
இந்தப் பக்கத்தை யாரும் கும்பிடப்போவதில்லை,
சுவரோடு சுவராய்ப் பூசிவிடுவார்கள்.
என் விரலை ஒரு குழியில் வைத்துப் பார்த்தேன்.
நுழையவில்லை.

இருபது கிலோவுக்குள் இலவசம்
என்று ஒரு விதி இருந்தது. நல்லவேளை.

கோகுந்தாவில் கூட்டம் ஏறியது.
பிள்ளையோடு நின்ற மணகிக்கு
ஹூர்ஜி எழுந்து இடம் கொடுத்தார்.
ஒரு கையில் கம்பி, மறுகையில் சாமி
என்று எத்தனை வளைவு தாங்குவது?
"பிடிச்சுக்க தாயி, இப்ப உள்ளே யாருமில்ல."
அவள் மடியில் ஒரு பக்கம் பிள்ளை,
மறுபக்கம் மூட்டை.

தூக்கத்தில் அந்தப் பிள்ளை
துணியை இழுத்து, முகத்தைப் புதைத்து, புரண்டது.
நிமிர்ந்தபோது கன்னத்தில் பச்சை.
குதிரையின் முன்னங்கால் பாதி வண்ணம், பாதி மண்.

பேச்சு நின்றது.
நால்வரில் ஒருவன், "திரும்பிடலாமா?"
அவனுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.
பிள்ளை தும்மியது.
ஹூர்ஜியின் தோள்கள் ஒருமுறை உதறின.
வளைவால் என்றுதான் சொல்லியிருப்பேன்.
அந்த இடத்தில் சாலை நேர்.

வேட்டி முடிச்சிலிருந்து தானியம் எடுத்தார்.
பிள்ளையின் உள்ளங்கையில் கொட்டி
இரண்டிரண்டாய் ஒதுக்கினார்.
கடைசியில் ஒன்று மிஞ்சியது.
அதைப் பிள்ளை தின்றுவிட்டது.

"இப்ப டிக்கெட் போடு" என்றார் என்னிடம்.
"என்னன்னு?"
"முழு டிக்கெட்."
யாருக்கு என்று அவர் சொல்லவில்லை.
ஐந்து வயதுக்குக் கீழே கட்டணமில்லை என்று
நானும் சொல்லவில்லை.
கசங்கிய நோட்டுகளை எண்ணி வாங்கினேன்,
மீதிச் சில்லறை கொடுத்தேன்,
சீட்டைக் கிழித்து
மூட்டையின் முடிச்சில் செருகினேன்.

விளக்கில்லாத ஒரு திருப்பத்தில் இறங்கினார்கள்.
மணகி அதற்கு முன்பே போயிருந்தாள்,
பிள்ளையின் கன்னத்தைத் துடைக்காமல்.

டிப்போவில் கேட்டார்கள்,
தலையை விட டிக்கெட் ஒன்று அதிகமா என்று.
அதற்கு ஒரு கட்டம் இல்லை படிவத்தில்.
"வழியில் ஏறியவர்" என்று எழுதினேன்.

ஏழாம் எண் பொத்தானில் பச்சை இருந்தது.
மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கப் போய்விட்டது.
நகக்கண்ணில் கொஞ்சம் மிச்சம்.
ரொட்டி பிய்க்கும்போதுதான் பார்த்தேன்.