வெறும் வயிற்றில் இருநூற்றுப் பன்னிரண்டு

கடதாசியைக் கவிட்டு வைச்சிட்டு
டொக்டர் கேட்டார்: நடக்கிறனீங்களோ?
நடக்கிறன் டொக்டர்,
அடுப்படிக்கும் கிணத்தடிக்கும்,
சங்கக்கடைக்கு, வங்கிக்கு,
மகளின்ரை ரியூசன் வாசலுக்கு, திரும்பவும்.
அது நடையில்லை, அலைச்சல் எண்டார்.
அரை மணித்தியாலம், நிக்காமல்,
ஒரு அலுவலும் இல்லாமல் நடக்கவேணும்.

ஒரு அலுவலும் இல்லாமல்
அராலி ரோட்டில ஒரு பொம்பிளை நடந்தால்
மூண்டு சைக்கிள் நிண்டு கேக்கும்:
ஆருக்கு என்ன?

நாலாவதா நிண்டது நேசமலர்.
அவ கேக்கேல்லை.
எனக்கு நூற்றித் தொண்ணூறு எண்டா,
சைக்கிளை வேலியில சாத்திப்போட்டு
பக்கத்தில வந்தா.

விளையாட்டுக் கழக மைதானம்
பின்னேரத்தில பெடியளின்ரை,
விடியப்புறத்தில மாடுகளின்ரை.
இடையில அரை மணித்தியாலம் கேட்டம்.
கேற்றுத் திறப்பைத் தாறதெண்டால்
நிர்வாகக் கூட்டம் வைக்கவேணும் எண்டார் செயலாளர்.
கூட்டம் முடியுமட்டும்
மாடு போற பொட்டுக்குள்ளால போனம்,
குனிஞ்சு, பாவாடையை ஒதுக்கி,
களவெடுக்கப் போற ஆக்கள் மாதிரி
வாயைப் பொத்திச் சிரிச்சுக்கொண்டு.

கௌசிகா போட்டு வந்தது
மகன் பள்ளிக்கூடத்துக்குப் போட்ட வெள்ளைச் சப்பாத்து.
இரண்டு சைஸ் பெரிசு, முன்னுக்குப் பஞ்சு.
மகன் இப்ப பிரான்சில.
பிலோமினாவுக்கு ஒரு கால் அம்மா தந்தது,
மற்றது யாழ்ப்பாணத்தில அளவெடுத்துச் செய்தது.
அது ஒவ்வொரு அடிக்கும் மெல்ல 'டிக்' எண்ணும்.
இருட்டில அந்தச் சத்தத்தை வைச்சுத்தான்
சுற்று எண்ணினம்.
இடையில அவ நிண்டால்
கணக்குப் பிழைச்சு, திரும்ப ஒண்டிலயிருந்து.

சீட்டுக் கட்டினம்.
நகைக்கில்லை, தளபாடத்துக்கில்லை,
விரல் குத்திப் பாக்கிற மெசினுக்கும்
அதின்ரை விலைகூடின பட்டிக்கும்.
சனிக்கிழமை சனிக்கிழமை
பிட்ச் உருட்டுற உருளையில வரிசையா இருந்து
ஒருத்தியின்ரை விரலை ஒருத்தி பிடிச்சுக் குத்துவம்.
இலக்கத்தை நான் கொப்பியில எழுதுவன்.
சொல்லமாட்டன் எண்டு கையை மூடினவ
முதல்நாள் கொத்துரொட்டி சாப்பிட்டவ.

முதல் கிழமை சீனியைப் பற்றிக் கதைச்சம்.
பேந்து மருமக்களைப் பற்றி.
ஒரு மாதம் போக, மழை தூறின ஒருநாள்,
வீட்டில சொல்லாத ஒரு பேரை
நேசமலர் சொன்னா.
ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை.
நடக்கேக்கை முகம் பாக்கத் தேவையில்லை,
அது ஒரு வசதி.

கௌசிகா ஒருநாள் வரேல்லை.
விரதமாக்கும் எண்டம்.
இரண்டாம் நாள், தடிமனாக்கும்.
மூண்டாம் நாள் நாலாம் சுற்றில
'டிக்' நிண்டிட்டுது.
வாங்கோ எண்டா பிலோமினா.

லைற் எரிஞ்சுகொண்டிருந்தது.
சப்பாத்து வாசலில, பஞ்சு வெளியில.
சுவரைப் பாத்துப் படுத்திருந்தவ
சுகம்தான் எண்டு சுவருக்குச் சொன்னா.
என்ன எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை.
பிலோமினா காலைக் கழட்டி மூலையில நிப்பாட்டிப்போட்டு
அதே பாயில, பக்கத்தில சரிஞ்சா.
நான் சன்னலைத் திறந்தன்.
அடுப்படியிலயிருந்து நேசமலர்,
தேத்தண்ணிச் சட்டியும் கையுமா,
பெரிய குரலில:
சீனிப் போத்தல் எங்கையடி?

ஒரு நிமிசம்.
பிறகு பாய் குலுங்கிச்சு.
ஆர் முதல் சிரிச்சதெண்டு தெரியாது,
சுவர்ப் பக்கமிருந்துதான் வந்தமாதிரிக் கிடந்தது.

கூட்டம் ஒருவழியா முடிஞ்சு
திறப்புத் தந்தவை, பிட்சை மிதிக்கக்கூடாதெண்டு.
என்ரை தாலிக்கொடிப் பின்னில கிடக்குது.
நாங்கள் இன்னும் பொட்டுக்குள்ளாலதான் போறம்.
குனியிறது இடுப்புக்கு நல்லது எண்டு
நேசமலர் கண்டுபிடிச்சிருக்கிறா.

அந்தச் சனிக்கிழமை
நாலு பேருக்கும் இலக்கம் ஏறிக் கிடந்தது.
கொப்பியில அந்த வரியை
வெறுமனே விட்டிருக்கிறன்.