அரை அங்குலம்

ரகுபீர் நகர்ச் சந்தையில், விடியுமுன்,
டார்ச் வெளிச்சத்தில் வாங்கினேன்.
எண்பது ரூபாய். பஞ்சு வைத்துத் தைத்த
கையில்லாச் சட்டை, யாரோ ஓர் ஆண் போட்டது.
பிரிப்பதற்காக.

முனிர்க்கா அறையில் ஹீட்டர் போட்டால்
ஃபியூஸ் போகும்;
கீழ்வீட்டு குர்மீத் கௌர் படியேறி வருவார்.

பிளேடால் தையல் தையலாக அறுத்தேன்.
முதுகு ஒன்று, முன்பக்கம் இரண்டு, காலர்ப் பட்டி.
கட்டி தட்டிய பழம்பஞ்சில்
இன்னும் பீடி வாசனை.

ஞாயிற்றுப் பேப்பரைத் தரையில் விரித்து
மூலைக்கொரு பருப்பு டப்பா வைத்து வரைந்தேன்.
மணமகள் தேவை விளம்பரங்களின் மேல்
அக்குள் வளைவு ஓடியது,
ஒரு பல் டாக்டரையும் அவர் சம்பளத்தையும்
இரண்டாகப் பிரித்து.

அப்போதுதான் பார்த்தேன்:
இடது தோள் அரை அங்குலம் இறக்கம்.
வெட்டியவர் பிசகு என்றுதான் நினைத்தேன்.
ஆனால் அங்கே மட்டும்
உள்ளே ஒரு துண்டுப் பஞ்சு கூடுதல்,
எறும்பு வரிசைபோல் நெருக்கத் தையல்.
மூட்டை சுமந்த தோளா, தண்ணீர்க் கேனா,
தெரியாது.
தைத்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

நேராக்க ஸ்கேலை எடுத்தேன்.
எதற்கும் என்று
குளியலறைக் கண்ணாடி முன் போய் நின்றேன்.
ஒன்பது வருஷம் மஞ்சள் லைன் மெட்ரோவில்
லேப்டாப் பை தொங்கிய பக்கம்...

ஸ்கேலைக் கீழே வைத்தேன்.

சுற்றிலும் ஒரு விரல் கூட்டி வெட்டினேன்.
பஞ்சு உள்ளே போனால் துணி சுருங்கும்;
போன மாதம் நான் தைத்த சட்டை
சொல்லிக்கொடுத்தது.

குர்மீத் கௌரின் பேரனுக்கு
அது கனகச்சிதம்.