ஆறாவது நிரல்

மாங்குளம் ஆஸ்பத்திரியில்
அனுமதிப் பதிவேடு எழுதுகிறவள் நான்.
ஆறாவது நிரல், காரணம்.
ஒரு விரல் அகலம்தான்.
வி.வி. என்றால் வீதி விபத்து
பா.க. என்றால் பாம்புக்கடி
மிச்சத்தையெல்லாம் நுணுக்கி எழுதவேணும்.

சைக்கிளை விடு, ஸ்கூட்டி எடு என்கிறான் தம்பி.
ஒலுமடுவிலிருந்து முக்கால் மணித்தியாலம்,
தோளை உரசிக்கொண்டு மணல் டிப்பர்கள்.
உனக்கென்ன விசரா?

ஓர் இரவுக் கடமையில்
போன வருடத்துப் பதிவேட்டை எடுத்து
விரலால் எண்ணினேன்.
சைக்கிளால் வந்தவை நாற்பத்தொன்று.
டிப்பர் மூன்று, குறுக்கே பாய்ந்த ஆடு ஒன்று,
சாரம் சங்கிலிக்குள் போனது நாலைந்து.
தேங்காய் துருவிய கைகள் அதைவிடக் கூட.
கிணற்றுக்கட்டில் வழுக்கியவர்கள் இன்னும் கூட.
பாலைப்பழக் காலத்தில் மட்டும்
பதினொரு கொப்பு முறிந்திருக்கிறது.
நித்திரையில் கட்டிலால் விழுந்தவருக்குக்
கனவு என்று எழுதி
பிறகு வெட்டியிருக்கிறேன்.

இரத்தினவேல்
ஒன்பது வருடம் கண்ணிவெடி அகற்றியவர்,
குந்தியிருந்து மண்ணைச் சுரண்டி.
ஒரு கீறல் இல்லை.
பல்ப் மாற்றக் கதிரையில் ஏறி
இடுப்பெலும்பு போய் வந்தார்.
‘கதிரைக்கும் சிவப்பு மட்டை கட்டவேணும், தங்கச்சி’
சிரிக்க நொந்தது அவருக்கு.

நெஞ்சு நோவென்று வந்த ஒருத்தி
லீசிங்காரன் வாசலில் நிற்பதாகச் சொன்னாள்.
காரணம் ஸ்கூட்டி என்று
நான் எழுதவில்லை.

எல்லாம் சொன்னேன் தம்பிக்கு.
அவன் கேட்டான்:
தேங்காய் துருவாத வீடு எது?
நாளுக்கு எத்தினை தரம்?
சைக்கிள் ஓடுகிறவை எத்தினை பேர்?
கேள்வி சரிதான்.
விழுந்தவருக்குத்தான் பதிவேடு.
விழாமல் வீடு போனவரை
எந்த நிரலில் தேடுவது?

அவனுக்குச் சொல்லாதது ஒன்றுண்டு.
டிப்பர் மூன்றில் இரண்டுக்கு
விடுவித்த திகதி இல்லை.
துருவலையால் ஒருவரும் சாகவில்லை.

விடிய, கடமை முடிந்து,
தேநீர்க்கடைப் பம்பை இரவல் வாங்கிப்
பின்சில்லுக்குக் காற்றடித்துக்கொண்டு ஏறுகிறேன்.
டிப்பர் வருவது காதுக்கு முதல்
முதுகுக்குத் தெரியும்.
கிரவலில் இறங்கி, ஒரு காலை ஊன்றி,
அந்த இரைச்சல் என்னைக் கடக்குமட்டும்
ஹான்டிலை மாட்டின் கொம்பைப்போல் பிடித்திருப்பேன்.
புழுதி அடங்கும்.
வயலுக்குள் ஆட்காட்டி கத்தும்.
திரும்பத் தாருக்கு ஏறி
உழக்குவேன்.

இன்றைக்கு எட்டு டிப்பர்.
போய்த் தேங்காய் துருவவேணும்.